அத்தைக்கு ஒரு சத்தமில்லாத கம்ப்யூட்டர், வேலூர் வெயிலில்

10 மார்ச் 2024

வாசகர் ஒருவர் எழுதியது: "வீட்டில் பெரியவர்களுக்காக இந்தக் காலத்தில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வது வீண் வேலை. கம்பெனிகள் கழித்துவிட்ட மினி பிசி பதினாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. சத்தமே கிடையாது, இடமும் மிச்சம். எதற்கு முப்பதாயிரம்?"

யாருக்கு, என்ன வேலைக்கு என்று சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. என் அத்தை வேலப்பாடியில் இருக்கிறார். முப்பது வருஷம் தமிழாசிரியை. ஓய்வுக்குப் பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் இரண்டு பேருக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது வாசிப்பார். அவரிடம் இருப்பது 2012இல் வாங்கிய பெட்டி. அதன் உறுமல் எல்லாப் பதிவிலும் ஏறியிருக்கிறது. "எனக்கே என் குரல் மாவு மில்லுல இருந்து வர்ற மாதிரி இருக்குடா" என்றார். பட்ஜெட் முப்பத்தைந்தாயிரம், மானிட்டர் பழையதே போதும்.

ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். வாசிக்கும்போது அத்தை மின்விசிறியை நிறுத்திவிடுவார், ஜன்னலையும் சாத்திவிடுவார். மார்ச்சிலேயே அந்த அறையில் உட்கார முடியவில்லை.

12 மார்ச்

நேற்று அந்தப் பழைய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இந்த வேலையைச் செய்யாமலே சாமான் வாங்கப் போகிறார்கள்.

முதலில் ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அந்த முனகல் பெட்டிக்குள்ளேயே நிற்காமல் மேசைக்கு இறங்குகிறது. அத்தையின் மேசை இரும்பு, டிராயரில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. பெட்டிக்கு அடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்ததும் பாதி முனகல் போய்விட்டது. செலவு சுழியம்.

இரண்டாவது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பாவில், உள்ள 80 மி.மீ. ஃபேன். பன்னிரண்டு வருஷத் தூசி, பேரிங் தேய்ந்து கரகரக்கிறது. மூன்றாவது பிராசஸர் மேலிருக்கும் ஃபேன், இதுதான் அறை சூடாக ஆகக் கத்துவது.

பழைய பெட்டியிலேயே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். முனகல் போகும். ஆனால் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் ஆதரவு, இந்தப் பெட்டிக்கு 11 ஏறாது. லினக்ஸ் போடலாம்தான், ஆனால் அத்தைக்குக் கை பழகியதை இந்த வயதில் மாற்ற எனக்கு மனமில்லை.

13 மார்ச்

மினி பிசியை நான் பேச்சுக்காக ஒதுக்கவில்லை. காட்பாடியில் நண்பர் வீட்டில் ஒன்று இருக்கிறது, ஐ5-8500டி போட்டது. 35 வாட் பிராசஸர், ஆறு கோர், அத்தையின் வேலைக்குத் தாராளம். இணையப் பக்கம் பார்க்கும்வரை சத்தமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதையே அறையைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, அரை மணி நேரம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு ஓடவிட்டால் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் "ஙீ" என்று மெல்லிசாகப் பாட ஆரம்பிக்கிறது. பெரிய ஃபேனின் காற்றுச் சத்தத்தைக் காது மறந்துவிடும். இந்த மெல்லிய கீச்சை மறக்காது, மைக்கும் விடாது.

சிறிய ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். 120 மி.மீ. ஃபேன் சோம்பலாகச் சுற்றியே அதைச் செய்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தமும் பாதி.

14 மார்ச்

மேலே எழுதிய கடைசி வரி தப்பு. திருத்திய வாசகருக்கு நன்றி. ஃபேன் சத்தம் வேகத்தின் ஐந்தாம் மடியோடு போகிறது. பாதி வேகத்துக்குச் சுமார் 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தெரியும், ஆகவே இது பாதிக்கும் நன்றாகக் கீழே. காற்று மட்டும்தான் சரியாகப் பாதி. எனக்குச் சாதகமான தப்புதான், இருந்தாலும் தப்பு தப்புதான்.

23 மார்ச்

இன்று ரிச்சி தெரு, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தெரு. காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, கடை திறக்கும்வரை இட்லி சாப்பிட்டுக் காத்திருந்து போனேன். வேலூரிலும் கடைகள் உண்டு. நான் கேட்ட டவர் கூலரும் (பிராசஸரின் சூட்டை இழுக்கும் உயரமான தகட்டு அடுக்கு) வலை முகப்புக் கேபினட்டும் அங்கே ஒரே இடத்தில் அமையவில்லை.

வாங்கியது, என் பில்லில் இருந்தபடி: ஐ3-12100 பிராசஸர் 10,200. எச்610 மதர்போர்டு 6,100. எட்டு ஜிபி ராம் இரண்டு, 3,100. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,300. 450 வாட் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ் 3,200. 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர் 1,900. கேபினட் 2,800. ஆக 30,600.

முதல் கடையில் "12100எஃப் எடுத்துக்கோங்க சார், விலை கம்மி" என்றார்கள். அந்தக் கடைசி எழுத்து எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அதற்கு ஒரு ஃபேன், அதற்கு ஒரு சத்தம். அந்தக் கார்டையும் அவர்களே, பழையது, எடுத்து வைத்தார்கள். வீட்டுக்காகப் பெட்டி கட்டுபவர்கள் இந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி முகப்பும் கலர் விளக்கும் உள்ள கேபினட் இதைவிட மலிவாகவே கிடைத்தது. காற்று உள்ளே போகவே வழியில்லை. நான் எடுத்தது முகத்தில் கம்பி வலை, உள்ளே கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி. பார்க்க சுமார்தான்.

24 மார்ச்

அசெம்பிள் முடிந்தது. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டார். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் வைக்கும் தெர்மல் பேஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "பட்டாணி அளவா? விபூதி பூசற மாதிரி பூசக் கூடாதா?" என்றார். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், கூலரை அழுத்தும்போது தானே பரவும்.

முதல் தடவை ஆன் செய்ததும் ஓடுகிறதா என்று நானே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பழைய பெட்டியின் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

27 மார்ச்

பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில், செய்தவை. பிராசஸரின் மின் அளவு 60 வாட், வேகம் எடுக்கும்போது 89 வரை போகலாம். அதை 35க்கு இறக்கினேன். குரல் பதிவுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, எம்பி3 ஆக மாற்றும்போது சில விநாடி கூடுகிறது. எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லும் ஃபேன் வரைபடத்தில் 60 டிகிரிவரை நிமிஷத்துக்கு 700 சுற்றிலேயே நிற்கும்படி வைத்தேன். ஒரு விநாடி வேலை வந்தால்கூட ஃபேன் எகிறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சல். "மெதுவாக ஏறு" என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைப் பெரிய அளவில் வையுங்கள்.

6 ஏப்ரல்

புகார். பதிவில் ஒரு "ட்ர்ர்ர்" இருக்கிறது. ஃபேன்களை ஒரு விநாடி கையால் நிறுத்திப் பார்த்தேன் (குச்சி வைத்து, இறகில் அல்ல, நடுவில்), சத்தம் நிற்கவில்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளிருந்து வருகிறது. மவுஸை நகர்த்தினால் சுருதி மாறுகிறது. காயில் சத்தம், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அதிர்வது. இதற்குப் பேஸ்ட்டும் துண்டும் உதவாது, மாற்றுவதுதான் வழி. கடைக்காரர் முதலில் "எல்லாத்துலயும் அப்படித்தான் சார்" என்றார். போனில் பதிவைப் போட்டுக் காட்டியதும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார். இன்னொரு முறை ரயில்.

11 ஏப்ரல்

புது எஸ்எம்பிஎஸ் சுத்தம். ஆனால் தெருவில் தேர்தல் ஆட்டோக்கள். காலை ஏழுக்கு ஆரம்பித்து இரவு பத்துவரை ஒலிபெருக்கி. அத்தை வாசிப்பை விடியற்காலை நாலரைக்கு மாற்றிவிட்டார்.

18 ஏப்ரல்

நேற்று மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்தது. நாளை வாக்குப்பதிவு. தெருவே அமைதி, அந்த அமைதியில் புதுச் சத்தம் ஒன்று தெரிந்தது. தாழ்ந்த "ம்ம்ம்" ரீங்காரம், பெட்டியிலிருந்து அல்ல, பதிவில் மட்டும். அதோடு அத்தை சொன்னார், "கேபினட்டைத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி சுருக்குங்குது, செருப்புப் போட்டுக்கிட்டா இல்ல."

இது எர்த் இல்லாத வீட்டின் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸில் வடிகட்டியாக இருக்கும் சின்ன கண்டென்சர்கள் எர்த் கம்பி வழியாகக் கசிய வேண்டிய மின்சாரத்தைக் கொண்டுவந்து கேபினட்டில் நிறுத்திவிடுகின்றன. எர்த் இல்லையென்றால் கேபினட்டில் கிட்டத்தட்ட லைன் வோல்டேஜில் பாதி நிற்கும். அளவு மிகக் குறைவு என்பதால் சுருக்கென்றுதான் இருக்கும், ஆனால் விட்டுவிடக்கூடாது.

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றினார். மூன்று துளை பிளக், பின்னால் இரண்டே கம்பி. "சார், எர்த்தே இழுக்கல, துளை மட்டும் கீது" என்றார். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி இருக்கிறது, கிணற்றடிக்குப் பக்கத்தில். அங்கிருந்து அறைக்குக் கம்பி இழுத்தோம். குழியில் கரியும் உப்பும் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, வாரத்துக்கு ஒரு குடமாவது ஊற்ற வேண்டுமாம். துளசி மாடத்துக்கு ஊற்றும்போது இதற்கும் ஊற்றிவிடுவதாக அத்தை சொல்லியிருக்கிறார்.

சுருக்கும் போயிற்று, ரீங்காரமும் போயிற்று. செலவு 850. முப்பதாயிரத்தில் செய்ததைவிட இந்த 850க்குப் பலன் அதிகம் என்று இன்று தோன்றுகிறது.

20 ஏப்ரல்

ஒருவர் கேட்டார், புத்தகத்தை இப்படிப் பதிவு செய்து கொடுக்கலாமா, பதிப்புரிமை? பார்வையற்றோர் படிக்க ஏற்ற வடிவத்தில் மாற்றிக்கொள்ள பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது, லாப நோக்கம் இருக்கக் கூடாது. அத்தை ஒரு பைசா வாங்குவதில்லை.

7 மே

கத்திரி 4ஆம் தேதி தொடங்கிவிட்டது. வெளியே நாற்பதைத் தாண்டி எரிகிறது.

வெளிநாட்டு ஆட்கள் எழுதும் சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டுரைகளில் அறை 21, 22 டிகிரி என்று எழுதாமலே எடுத்துக்கொள்கிறார்கள். கூலர் செய்வது பிராசஸரை அறையின் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வைப்பது, அவ்வளவுதான். அறையே 38 என்றால் அதற்கு மேல்தான் எல்லாக் கணக்கும். 22இல் 40 காட்டும் பெட்டி இங்கே 56 காட்டும், 50க்கு மேல் வேகம் எடு என்று வைத்த ஃபேன் சும்மா இருக்கும்போதே கத்தும். நான் 60 என்று வைத்தது இதற்காகத்தான். பிராசஸர் 100 டிகிரிவரை தாங்கும், 65ஐப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று அளந்தது: அறையைச் சாத்தி நாற்பது நிமிஷம் கழித்து அறை 37, பிராசஸர் 51, ஃபேன் 700. பெட்டி கவலைப்படவில்லை. அத்தைதான் நனைந்துவிட்டார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுத்த அத்தியாயத்தைப் பிரிக்கிறார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, விசிறி போட்டு, மோர் குடித்துவிட்டுத் தொடரச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாரா என்றால் இல்லை.

8 மே

ராத்திரியாவது குளிராதா என்று வெளியூர்க்காரர் கேட்கிறார். எங்கள் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. அந்த மரமில்லாத மலைதான் காரணம். பகலெல்லாம் பாறை வெயிலைக் குடித்து, ராத்திரி ஊர்மேல் விடுகிறது.

இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக்குத் திரும்பிட்டார்டா, இன்னமும் சாமி இல்லாத கோயில்னு எழுதறியே" என்று கண்டித்தார். முந்தைய பத்தியில் அதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.

15 மே

மைக் பற்றி. நான் பெட்டியை மேசைக்கு இடப்பக்கம், மைக்குக்குப் பக்கவாட்டில் வைத்திருந்தேன். ஒரு வாசகர், கார்டியாய்டு மைக்கின் (முன்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்கும் வகை) செவி முதுகுப் பக்கம்தான் மிக மந்தம், பெட்டியை அதற்கு நேர் பின்னால் வை என்றார். வைத்தேன். அப்புறம் இன்னொன்று: வாய்க்கும் மைக்குக்கும் இடையில் ஒரு முழம் இருந்ததைப் பாதியாக்கினேன். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் ஏறும், அறையின் சத்தம் ஏறாது. மைக்கைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததில் "ப" வரும்போது காற்று மோதுவதும் நின்றது.

அறையின் எதிரொலிக்கு, துணிக்கொடி கட்டி இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறோம். வெயிலில் கம்பளியைப் பார்த்தாலே வேர்க்கிறது என்கிறார் மாமா. அவருக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

22 மே

மின்வெட்டு. அத்தை பதினோராம் பக்கத்தில் இருந்தபோது போனது. யூபிஎஸ் தாங்கியது, பதிவு பத்திரம், ஆனால் "கீ... கீ... கீ..." என்று அது அழுததும் பதிவில் சேர்ந்துவிட்டது. இவ்வளவு செய்துவிட்டு யூபிஎஸ்ஸின் அலாரத்தை நான் யோசிக்கவே இல்லை. வாங்கும்போது அலாரத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். இந்த மாடலில் பட்டனை அழுத்திப் பிடித்தால் நிற்கிறது, பேட்டரி தீரும் சமயம் மட்டும் மறுபடி கத்தும்.

600விஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. இந்தப் பெட்டிக்கும் மானிட்டருக்கும் சேர்த்துப் புதிதில் அரை மணி நேரம் வருகிறது. லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஆகவே யூபிஎஸ்ஸைக் கேபினட்டின் சூடான காற்று வெளிவரும் பின்பக்கத்தில் வைக்காதீர்கள். நான் அங்கேதான் வைத்திருந்தேன், இன்று தரையில், சுவரோரமாக மாற்றினேன்.

2 ஜூன்

முதல் வாசகரே மறுபடி எழுதியிருக்கிறார்: "மினி பிசியை அடுத்த அறையில் வைத்து, ஜன்னல் வழியாக ஐந்து மீட்டர் கேபிள் இழுத்திருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்கும்." இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது சரி. யூஎஸ்பி 2 கேபிள் ஐந்து மீட்டர்வரை தாங்கும், எச்டிஎம்ஐயும் தாங்கும். பெட்டியே அறையில் இல்லையென்றால் அதன் சத்தம் எப்படி இருந்தால் என்ன? மார்ச்சில் எனக்கு இது தோன்றவில்லை, பெட்டியை அமைதியாக்குவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

அத்தை வீட்டில் மட்டும் இது நடக்காது. பக்கத்தில் இருப்பது நடை, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், அணில் வேறு. "சுவிட்ச் போட எழுந்து நடைக்குப் போகணுமா? என் முட்டி சம்மதிக்குமா?" என்று அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். வசதியான அடுத்த அறை இருப்பவர்கள் அவர் வழியில் போங்கள். எர்த் மட்டும் பார்த்துவிடுங்கள்.

16 ஜூன்

அந்த மாணவர்களில் ஒருவர் அத்தைக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். போனைக் கையில் வைத்து நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். "டீச்சர், இப்ப உங்க வளையல் சத்தம் கேக்குது, பக்கம் திருப்பற சத்தம் கேக்குது" என்றார். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது, வளையலைக் கழற்றப் போனார். செய்தி முடியவில்லை. "வளையல் வேணாம்னா கழட்டிக்குங்க, பக்கம் திருப்பறதை மட்டும் வெட்டிடாதீங்க. புத்தகத்துல எங்க இருக்கேன்னு எனக்கு அதுலதான் தெரியுது."

ஆடாசிட்டியில் சத்தம் நீக்கும் வடிகட்டியைப் போட்டு அந்தச் சரசரப்பையெல்லாம் சுத்தம் செய்யலாம் என்று திட்டமிட்டிருந்தேன். விட்டுவிட்டேன்.

14 ஜூலை

நாலு மாதத்துக்குப் பிறகு தூசி வடிகட்டியைக் கழற்றினேன். பஞ்சு மெத்தை மாதிரி ஒரு அடுக்கு. வடிகட்டியைக் குழாயில் காட்டிக் கழுவி நிழலில் காயவைத்தேன். கூலர் இடுக்கில் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. முந்தைய நாள் 54 காட்டிய இடத்தில் இப்போது 49. இனி மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு வீடு கழுவும்போது இதையும் சேர்த்துக்கொள்வதாக அத்தை காலண்டரில் குறித்திருக்கிறார். எர்த் குழிக்கும் அதே கட்டத்தில் ஒரு "குடம்" என்று எழுதியிருக்கிறார்.